மியூட்டஜென்: பாட்டு ஃபைலுக்கு டேக் போடுறவங்க ஒரு தடவை பாத்துடுங்க

பல வருஷமா சேத்து வெச்ச பாட்டு 4000க்கு மேல இருக்கு, பாதிக்கு டைட்டிலே 'ட்ராக் 01', மீதில ஆல்பம் பேர் இருக்க வேண்டிய எடத்துல ஏதோ ஒரு டவுன்லோட் சைட்டு பேரு. ஒவ்வொண்ணா கையால திருத்த உக்காந்தா இந்த ஜென்மம் பத்தாதுன்னு பைத்தான்ல மியூட்டஜென் லைப்ரரிய எடுத்தேன், பாட்டு ஃபைலுக்குள்ள இருக்குற டைட்டில், பாடகர், ஆல்பம் மாதிரி விவரத்த, அதாவது டேக்க, படிக்க, எழுத உதவுறது.

இன்ஸ்டால் பண்றதுல ஒரு தொல்லையும் இல்ல, முழுக்க பைத்தான்லயே எழுதுனது, கூட வேற எந்த பேக்கேஜையும் இழுத்துட்டு வராது. எம்பி3, ஃப்ளாக், எம்4ஏ, ஓபஸ்னு எதக் குடுத்தாலும் அதுவே கண்டுபிடிச்சு தெறக்குது, ஈஸி மோட்ல தெறந்தா எல்லாத்துக்கும் டைட்டில், ஆர்ட்டிஸ்ட், ஆல்பம்னு ஒரே பேர்ல எழுதிக்கலாம். ஒரு டேக்க படிச்சா ஸ்ட்ரிங் வராது, லிஸ்ட் வரும், மொதல்ல கடுப்பாச்சு, அப்பறம் ரெண்டு பேர் சேந்து பாடுன பாட்டு வந்தப்பதான் ஏன்னு புரிஞ்சுது.

ஆனா கவர் படம் வெக்கணும்னா ஈஸி மோட் கைய விரிச்சிடும். எம்பி3க்கு ஒரு மாதிரி, ஃப்ளாக்குக்கு வேற மாதிரி, எம்4ஏக்கு இன்னொரு மாதிரி, ஒரே வேலைக்கு மூணு கோடு எழுதுனேன்.

நான் செமயா மாட்டுனது வேற எடத்துல. எல்லாம் முடிச்சு பென் டிரைவ்ல போட்டு கார்ல சொருகுனா ஒரு பாட்டுக்கும் பேரே வரல, ரெண்டு மணி நேரம் பென் டிரைவ திட்டிட்டு இருந்தேன். விஷயம் என்னன்னா, எம்பி3ல டேக் எழுதுற முறைக்கு பேரு ஐடி3, மியூட்டஜென் நாம ஒண்ணும் சொல்லலன்னா அதோட 2.4 வெர்ஷன்ல எழுதும், என் கார் பிளேயர் பழசு, அதுக்கு 2.3 மட்டுந்தான் தெரியும், எழுத்துகள சேத்து வெக்கிற யூடிஎஃப்-8 முறையே அதுல கெடையாது, யூடிஎஃப்-16தான். சேவ் பண்றப்ப வெர்ஷன் 3னு ஒரு வார்த்த சேத்தா போதும், மாத்த வேண்டியத அதுவே மாத்திடும், என்ன, ரெண்டு பாடகர் பேர் நடுவுல ஸ்லாஷ் போட்டு ஒட்டிடும், எனக்கு அது ஓகே. ஈஸி மோட் இல்லாம நேரா ஐடி3 கிளாஸ்ல எழுதுறவங்க சேவுக்கு முன்னாடி 2.3க்கு மாத்துற ஃபங்ஷனையும் கூப்பிடணும், இல்லன்னா வருஷம் சரியா போகாது.

இது பாட்ட டீகோட் பண்ணாது, கன்வர்ட் பண்ணாது, டேக் வேலை மட்டுந்தான். ஜிபிஎல் லைசன்ஸ், அதாவது இத சேத்து ஆப் வெளியிட்டா சோர்ஸ் கோடையும் குடுக்கணும்னு சொல்றது, கோடு வெளிய விடாத ஆப்ல சேக்கப் போறவங்க அத மொதல்ல படிச்சுக்கோங்க. சேவ் குடுத்தா நேரா ஒரிஜினல் ஃபைல்லயே எழுதிடும், அதனால காப்பி எடுத்து வெச்சுட்டு ஆரம்பிங்க, நான் எடுக்கல, ஒரு ஃபோல்டர் முழுக்க இப்ப ஒரே ஆர்ட்டிஸ்ட் பேர்ல கெடக்கு.