பரளிக்காட்டுப் பரிசலும் ஷெட் டு ஷெட் வாடகையும்

சிங்கப்பூரில் எனக்குப் பழக்கமான தீவுப் பயணம் ஒன்றுதான். சாங்கி முனையில் போய் நின்றால், 12 பேர் சேர்ந்ததும் பம்போட் என்கிற சிறு மோட்டார் படகு கிளம்பும். புலாவ் உபினில் இறக்கிவிடும். முன்பதிவு, டோக்கன் என்று எதுவும் இல்லை. அதே நினைப்பில், இந்த முறை அவிநாசிக்கு வந்ததும் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளிடம், "நம்ம பக்கம் படகுல போற மாதிரி தீவு ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

"தீவு வேணும்னா ராமேஸ்வரம் போ. இங்க பரளிக்காடுதான்" என்றான் ஒருவன். சரி, பரளிக்காடு என்று முடிவானது. மொத்தம் ஒன்பது பேர்.

காரமடையிலிருந்து வெள்ளியங்காடு தாண்டி மலைப்பாதையில் ஏறினால் வருகிற ஊர். பில்லூர் அணையில் தேங்கி நிற்கும் தண்ணீரில் வனத்துறை பரிசல் விடுகிறது. நினைத்த நேரத்தில் போய் ஏற முடியாது. வார இறுதியில்தான், அதுவும் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். பதிவை ஒரு நண்பன் பார்த்துக்கொண்டான். என்னால் பணம்கூடக் கட்ட முடியவில்லை. சிங்கப்பூர் எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால் போதும் என்பது தெரியும். ஆனால் என் கணக்கில் இருப்பதோ எப்போதோ செத்துப்போன பழைய ஊர் எண். ஓடிபி யாருக்குப் போகிறதோ! வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே இதைச் சரிசெய்து கொள்ளுங்கள். இளநீர்க் கடையில் 500 ரூபாய்த் தாளை நீட்டினால், "ஜிபே இல்லீங்களா?" என்று கேட்டுப் பாவமாகப் பார்க்கிறார்கள்.

வண்டிதான் தலைவலி. ஏசி டெம்போ டிராவலர் என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கிய டிராவல்ஸ்காரர், விடியற்காலையில் அனுப்பியது ஏசி வேலை செய்யாத வண்டி. டிரைவர் நல்ல பையன். "நேத்துதாங்ணா கேஸ் போச்சு, ஓனருகிட்ட சொல்லிட்டனுங்" என்றான். அவனைத் திட்டி என்ன செய்வது? ஜன்னலைத் திறந்துவிட்டோம். காரமடை தாண்டியதும் காற்று நன்றாகவே இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் எங்களில் இரண்டு பேருக்கு வயிற்றைப் புரட்டியது. அதை விவரிக்க வேண்டாம்.

போய் இறங்கியதும் சுக்குக் காபி கொடுத்தார்கள். லைஃப் ஜாக்கெட் போடாமல் பரிசலில் ஏற்றவில்லை. "எனக்கு நீச்சல் தெரியுமுங்க" என்று ஒருவர் மல்லுக்கட்டினார், நடக்கவில்லை. ஒரு பரிசலுக்கு நான்கு பேர். துடுப்புப் போடுகிறவர்கள் அந்தப் பகுதியின் பழங்குடி மக்கள். எங்கள் பரிசல்காரர் அதிகம் பேசவில்லை. துடுப்பைத் தூக்கிக் கரையோரச் சேற்றைக் காட்டினார். குழிகுழியாக யானைத் தடம். "ராத்திரி வந்துட்டுப் போயிருக்குது" என்றார், பக்கத்து வீட்டுக்காரர் வந்துபோனதைச் சொல்வது போல. அதன்பிறகு யாருக்கும் சத்தமாகப் பேசத் தோன்றவில்லை. இன்ஜின் இல்லாததால் துடுப்பில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. நடுவில் ஓரிடத்தில் பரிசலைக் கிறுகிறுவென்று சுற்றிவிட்டார். மலை, காடு, வானம் எல்லாம் ஒரே பச்சைக் கோடாகிவிட்டது. தண்ணீருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த ஒரு மேட்டைக் காட்டி, "உன் தீவு வந்துருச்சு, எறங்கிக்க" என்றான் நண்பன்.

மதியச் சாப்பாடு அங்குள்ள பெண்கள் சமைத்தது. நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது ராகிக் களியும் கோழிக் குழம்பும்தான். சைவக்காரர்களுக்குக் கீரை இருந்தது. செல்போனில் சிக்னல் செத்துவிட்டதால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட்டோம். முப்பது வருஷத்தில் எவனுக்கு எவ்வளவு முடி கொட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் சரியாகத் தெரிந்தது.

சாயங்காலம் அத்திக்கடவில் ஆற்றுக் குளியல். நீலகிரியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடியைச் சுற்றிவிட்டு முள்ளி பக்கமாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிற பவானி இது. கால் வைத்ததும் ஜில்லென்று ஏறியது. அவிநாசிக்காரனுக்கு அத்திக்கடவு என்பது ஊர்ப்பெயர் மட்டும் இல்லை. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் வரும் வரும் என்று கேட்டே எங்கள் அப்பாவுக்குத் தலை நரைத்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் தண்ணீர் வந்தது, பேச்சில். கடைசியில் 2024 ஆகஸ்ட்டில்தான் திட்டம் தொடங்கியது. 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். இத்தனைக்கும் தண்ணீரை எடுப்பது அத்திக்கடவில் இல்லை. வெகு கீழே, பவானி ஊருக்குப் பக்கத்தில் காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி வரும் உபரியைத்தான் பம்ப் செய்கிறார்கள். பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று இதைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போட்டோம். கிளம்பும்போது என் எவர்சில்வர் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் வாடகைக் கணக்கு வந்தது. நாங்கள் ஏறிய இடத்திலிருந்து கிலோமீட்டர் எண்ணுவார்கள் என்று நினைத்திருந்தேன். "ஷெட் டு ஷெட்டுங்க" என்றார் டிராவல்ஸ்காரர் போனில். அதாவது, வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி ஷெட்டுக்குள் போகும்வரை கிலோமீட்டர் கணக்கு. ஷெட் இருப்பது திருப்பூருக்கு அந்தப் பக்கம். டிரைவர் பேட்டாவும் தனி. ஏசி காசைக் கழிக்கச் சொன்னதற்கு, "மலையில எப்படியும் ஏசி போட மாட்டோமுங்களே" என்றாரே பார்க்கலாம். ஷெட் எங்கே, பேட்டா எவ்வளவு, இரண்டையும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். டிரைவர் தம்பிக்குப் பேட்டாவைக் கையிலேயே கொடுத்து, அவன் எண்ணையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்து பாட்டிலை அப்பாவிடம் நீட்டினேன். "அத்திக்கடவுத் தண்ணிங்பா" என்றேன். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நெசமாலுமே அத்திக்கடவா, இல்ல காலிங்கராயனா?"