டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’: எந்தப் பதிப்பை வாங்குவது?

தியடோர் டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’ என்ற தலைப்பில் விற்பனையில் இருப்பது ஒரே நாவல் அல்ல. 1900 நவம்பரில் டபிள்டே, பேஜ் நிறுவனம் வெளியிட்டது ஒரு பாடம், அதாவது நாவலின் ஒரு வாசக வடிவம். 1981இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அச்சகம் கையெழுத்துப்படியை வைத்து உருவாக்கியது இன்னொன்று. பின்னதில் சுமார் 36,000 சொற்கள் அதிகம். முடிவும் வேறு. இவ்வளவு பெரிய பாடபேதம் இருந்தும் அட்டையைப் பார்த்து எது எது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க இயல்புவாத எழுத்துக்குள் நுழைபவர்கள் முதலில் எடுக்கும் நாவல்களில் இதுவும் ஒன்று. ஆகவே, எதைப் படிக்கிறோம் என்று தெரிந்துகொண்டே வாங்குவது நல்லது.

அடையாளம் காண்பது எளிது. முதல் அத்தியாயத்தின் தலையில் ‘தி மேக்னட் அட்ராக்டிங்’ என்று தொடங்கும் அலங்காரத் தலைப்பு இருந்தால் அது 1900 பாடம். அதில் 47 அத்தியாயங்கள் இருக்கும். தலைப்பே இல்லாமல் வெறும் எண்ணோடு 50 அத்தியாயங்கள் ஓடினால் அது பென்சில்வேனியா பாடம். அதற்கும் மேல் சந்தேகம் என்றால் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். ஆடுநாற்காலியில் சன்னலோரம் நாயகி கேரி உட்கார்ந்திருந்தால் 1900. ஒரு காலத்தில் அவளோடு வாழ்ந்த ஹர்ஸ்ட்வுட் 15 சென்ட் கொடுத்து எடுத்த விடுதி அறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டுப் படுப்பதோடு நின்றால் 1981. கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அத்தியாயத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த நாவலில் முடிவு தெரிந்துவிட்டாலும் ஒன்றும் குறைவதில்லை.

வெட்டியது யார்? டிரைசரின் நண்பர் ஆர்தர் ஹென்றியும், மனைவி சாராவும். நாவலை வேகப்படுத்த நீளமான சிந்தனைப் பகுதிகளைக் குறைத்தார்கள். பெண்களைப் பற்றிய ஆண்களின் எண்ணங்களை மட்டுப்படுத்தினார்கள். பதிப்பகத்தின் பங்கும் உண்டு: வசவுச் சொற்களும் நிஜப் பெயர்களும் அவர்களை உறுத்தின. பென்சில்வேனியா பதிப்பாசிரியர்களின் வாதம், இவையெல்லாம் ஆசிரியர்மீது திணிக்கப்பட்டவை, எனவே நீக்க வேண்டியவை என்பது. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. வெட்டுகளை டிரைசர் பார்த்தார், ஏற்றார். முடிவை மாற்றி எழுதியதும் அவர் கைதான். அதையும் ‘சிதைவு’ என்ற கணக்கில் சேர்ப்பது நியாயமாகப் படவில்லை.

முடிவு ஏன் முக்கியம்? இயல்புவாதம் என்பது வறுமையையும் அழுக்கையும் அப்படியே காட்டுவது மட்டுமல்ல. அதை யதார்த்தவாதமும் செய்யும். மனிதர் எடுக்கும் முடிவுகளுக்குப் பின்னால் பரம்பரை, பணம், பசி, நகரம், தற்செயல் ஆகியவை நின்று தள்ளுகின்றன என்பதுதான் இதன் அடிப்படை. ஹர்ஸ்ட்வுட்டின் சாவோடு முடித்தால் நாவல் ஒரு வீழ்ச்சியின் கதையாகிவிடுகிறது. கேரியோடு முடித்தால், நடிகையாக ஜெயித்தவளும் அதே விசைகளின் பிடியில்தான் இருக்கிறாள் என்பது தெரிகிறது. 1900 பாடத்தின் கடைசிப் பத்தி சற்று உணர்ச்சிவசப்பட்டதுதான். ஆனாலும் அதுதான் நாவலை முழுமையாக்குகிறது.

இந்த விசைகளை டிரைசர் எப்படி வேலை செய்ய வைக்கிறார் என்பதற்கு இரண்டு இடங்கள். சிகாகோவுக்கு ரயிலேறும்போது கேரியிடம் இருப்பது நான்கு டாலர். செருப்புத் தொழிற்சாலையில் வாரச் சம்பளம் நாலரை டாலர். அதில் நான்கு டாலர் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் போய்விடும். மிச்சம் 50 சென்ட். குளிர்காலம் வருகிறது, கோட் இல்லை. அப்போது ரயிலில் பழக்கமான விற்பனையாளன் ட்ரூவே அவள் கையில் இரண்டு பத்து டாலர் நோட்டுகளை வைக்கிறான். இங்கே வில்லன் யாரும் இல்லை, கணக்கு மட்டும்தான் இருக்கிறது. அடுத்தது பணப்பெட்டிக் காட்சி. தான் மேலாளராக இருக்கும் மதுக்கடையில் பூட்டாமல் விட்ட பெட்டியிலிருந்து ஹர்ஸ்ட்வுட் பணத்தை எடுக்கிறான், வைக்கிறான், மறுபடி எடுக்கிறான். பணம் கையில் இருக்கும்போது பூட்டு ‘க்ளிக்’ என்று விழுந்துவிடுகிறது. அவன்தான் செய்தானா என்று கதைசொல்லியே கேட்கிறார். பதில் சொல்வதில்லை.

குறிப்புரை இல்லாத பதிப்பு இடறும் இடம் ஹர்ஸ்ட்வுட்டின் சரிவு. சோர்ந்த மனநிலை ரத்தத்தில் ‘கேட்டஸ்டேட்ஸ்’ என்ற நஞ்சுகளை உண்டாக்குகிறது என்று டிரைசர் விஞ்ஞான உண்மைபோல எழுதுகிறார். எல்மர் கேட்ஸ் என்பவரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட கருத்து இது. இன்றைய உடலியலில் இதற்கு இடமில்லை. இது தெரியாமல் படிப்பவர் குழம்புவார். தெரிந்தால், மனச்சோர்வைக்கூட ரசாயனமாகப் பார்க்கும் அந்தக் காலத்து ஆவல் புரியும்.

அதனால் முதல் வாசிப்புக்கு என் தேர்வு டொனால்ட் பைசர் பதிப்பித்த நார்ட்டன் கிரிட்டிகல் எடிஷன். 1900 பாடம், பக்கத்தின் அடியிலேயே குறிப்புகள், நாவல் உருவாகி வெளியான பின்னணி ஆவணங்கள், விமர்சனக் கட்டுரைகள் எல்லாம் ஒரே நூலில். எழுத்து நெருக்கமாக இருப்பதுதான் குறை; நீண்ட வாசிப்பில் கண் களைக்கும். பழைய பிரதி வாங்குவதானால் 1970 பதிப்பை விட்டுவிட்டு 1991 அல்லது 2006 பதிப்பைப் பாருங்கள். 1981க்குப் பின் எழுந்த பாட விவாதத்தைத் தெரிந்துகொள்ள அவையே உதவும்.

ஆல்ஃப்ரட் கேசின் முன்னுரையோடு வரும் பெங்குயின் கிளாசிக்ஸ், பென்சில்வேனியா பாடத்தைத் தருகிறது. இது இரண்டாம் வாசிப்புக்கு. இதில் கேரியின் தயக்கங்களும் ஆண்களின் கணக்குகளும் இன்னும் வெளிப்படையாக இருக்கின்றன. ஆனால் நடை இன்னும் கனம், சில இடங்களில் இழுக்கிறது. ஆய்வு செய்பவர்களுக்குப் பெங்குயின் போதாது; திருத்தப் பட்டியல்களோடு கூடிய 1981 மூலப் பதிப்பே வேண்டும்.

லைப்ரரி ஆஃப் அமெரிக்காவின் 1987 தொகுதியில் டிரைசரின் ‘ஜென்னி கெர்ஹார்ட்’, ‘ட்வெல்வ் மென்’ இரண்டும் சேர்ந்து வருகின்றன. கட்டுமானம் உறுதி, தாள் மெல்லியது ஆனாலும் நல்லது. இதில் ‘ஜென்னி’யும் வெளியான காலத்து வெட்டுப்பட்ட பாடம்தான், அதன் மீட்புப் பாடம் 1992இல்தான் வந்தது.

பெயர் தெரியாத மலிவு மறுபதிப்புகளைத் தவிர்க்கச் சொல்வேன். எந்தப் பாடம் என்றே பல நூல்களில் குறிப்பு இருக்காது. பதிப்பாளரின் மனைவிதான் நாவலை முடக்கினார் என்ற பழைய கதை முன்னுரையில் உறுதியான உண்மைபோல வந்தால் அந்த நூலைக் கீழே வைத்துவிடலாம். டிரைசர் பரப்பிய கதை அது. திடமான சான்று இல்லை. முதல் பதிப்பு விற்றது 456 பிரதிகள், அவருக்குக் கிடைத்த ராயல்டி 68 டாலர் 40 சென்ட். பதிப்பகம் ஆர்வமில்லாமல் வெளியிட்டது உண்மை. நாவலைப் பதிப்பகத்துக்குப் பரிந்துரைத்த எழுத்தாளர் ஃபிராங்க் நாரிஸ் விமர்சகர்களுக்குப் பிரதிகள் அனுப்பிப் போராடியதும் உண்மை.

இதே சோதனையை அமெரிக்க இயல்புவாத வரிசையின் மற்ற நூல்களுக்கும் செய்யுங்கள். ஸ்டீவன் கிரேனின் ‘மேகி’ 1893இல் புனைபெயரில் சொந்தச் செலவில் வந்தது. 1896 பதிப்பில் வசவுகள் குறைந்தன, 17ஆம் அத்தியாயத்தில் வரும் பருத்த மனிதன் காணாமல் போனான். வாங்கினால் 1893 பாடத்தையே வாங்குங்கள். நாரிஸின் ‘மெக்டீக்’ நாவலில், அரங்கில் சிறுவன் உடையை நனைத்துக்கொள்ளும் காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். 1899இலேயே மறு அச்சில் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். ஜாக் லண்டனின் ‘டு பில்ட் எ ஃபயர்’ கதையில் நாயகனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயரிருந்து அவன் பிழைத்துக்கொண்டால், அது சிறுவர் இதழுக்காக எழுதிய 1902 வடிவம். நீங்கள் தேடுவது 1908 வடிவம். அதில் அந்த மனிதனுக்குப் பெயர் கிடையாது, கூடவே ஒரு நாய் நடக்கும்.