புதுச்சேரியில் விமானப் பராமரிப்புப் படிப்பில் சேரவிருப்போர் கவனத்திற்கு

கடலூரிலிருந்து என் தம்பியை, ‘விமானப் பராமரிப்பும் விண்வெளித் தொழில்நுட்பமும், முழுக்கச் செய்முறைப் பயிற்சி’ என்று விளம்பரம் செய்திருந்த புதுச்சேரித் தனியார் நிறுவனம் ஒன்றில் நகைக் கடன் வாங்கிச் சேர்த்தோம். சேர்க்கையின்போது படத்தில் காட்டிய ஜெட் என்ஜின் அங்கே இல்லை. பணிமனையில் இருந்தது இறக்கை கழற்றிய பழைய சிறு விமானத்தின் வெற்றுக்கூடு; போல்ட்டைக் குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, அதன் அளவுத்திருத்தச் சீட்டும் காலாவதியாகியிருந்தது. விண்வெளிப் பயிற்சி என்ற பெயரில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதலைப் பார்க்கும் மாடத்துக்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துச் சென்றார்கள். 2019 முதல் பொதுமக்கள் எவரும் இணையத்தில் பதிவு செய்து இலவசமாகவே போகக்கூடிய இடம் அது.

பணத்தைவிட என்னை வேதனைப்படுத்தியது, செய்த பயிற்சிகளைப் பதியும் தம்பியின் லாக் புக். அதிர்வில் போல்ட் கழன்றுவிடாமல் பூட்டுக்கம்பி முறுக்கும் வேலையை அவன் ஒருநாளும் செய்ததில்லை. ஆனால் செய்து முடித்ததாக எழுதிப் பயிற்றுநர் கையொப்பமும் இட்டிருந்தார். நாளை ஒரு விமானம் பறக்கத் தகுதியானது என்று சான்றளிக்க வேண்டிய பிள்ளைகளுக்குப் பொய்க் கையெழுத்தையே முதல் பாடமாக்குவதை எப்படிப் பொறுப்பது?

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ, சிஏஆர் 147 விதியின்கீழ் ஒப்புதல் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதில் இந்த நிறுவனத்தின் பெயர் இல்லை. சுவரில் மாட்டியிருந்த ஐஎஸ்ஓ சான்றிதழ் நிர்வாக முறைக்குத் தரப்படுவது, படிப்புக்கான ஒப்புதல் ஆகாது. டர்பைன் என்ஜின் விமானங்களின் இயந்திரப் பராமரிப்புக்கான பி1.1 உரிமப் பிரிவுக்குச் சிஏஆர் 147 விதி கேட்கும் 2400 மணி நேரப் பயிற்சியில் ஏறத்தாழப் பாதி செய்முறையாக இருக்க வேண்டும். ஆகவே முன்பணம் கட்டுமுன் ஒப்புதல் எண்ணையும் பிரிவையும் எழுத்தில் கேளுங்கள். வகுப்பு நடக்கும் வேளையில் பணிமனைக்குள் சென்று, கருவிகள் மாணவர்களின் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூத்த மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள்.

கட்டணத்தைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்தவர்கள், அசல் மதிப்பெண் சான்றிதழ்களையும் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பிறகே கொடுத்தார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டிருக்கிறோம். இதே நிலையில் இருப்பவர்கள் ரசீது, விளம்பரத் துண்டறிக்கை, லாக் புக் நகல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.