வொண்டர்பேக்: டர்பன் சமையலறையில் போட்ட காசை மீட்டுத் தருமா?

அடுப்பில் நன்றாகக் கொதித்த பானையை இறக்கி, தடித்த பைக்குள் வைத்து, மெத்தை மூடியை மேலே அழுத்திக் கயிற்றைச் சுருக்கிவிட வேண்டும். மீதிச் சமையலை உள்ளே அடைபட்ட சூடே பார்த்துக்கொள்ளும். 2008-ல் தென்னாப்பிரிக்காவில் சாரா காலின்ஸ் உருவாக்கிய வொண்டர்பேக் செய்வது இவ்வளவுதான். பிளக், பட்டன் எதுவும் கிடையாது. துணிக்குள் நுரைத் துகள் அடைத்திருக்கும், அது சூட்டை வெளியே விடாது. லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நாட்களில் இதை வாங்கியவர்கள் பலர். இப்போது கேள்வி வேறு: ப்ரீபெய்ட் மின்சார டோக்கன் போட்டவுடன் கரைந்துபோகும் இந்தக் காலத்தில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு இது லாபமா?

லாபம்தான். ஆனால் விளம்பரம் சொல்லும் மின்சார மிச்சத்தில் அந்த லாபம் பெரிதாக இல்லை.

முதலில் மின்சாரக் கணக்கு. அரை கிலோ சுகர் பீன்ஸை (உலர் பீன்ஸில் ஒரு வகை) மின் அடுப்பின் பிளேட்டில் முழுக்க வேகவைத்தால், கொதி வர சுமார் 0.4 யூனிட், பிறகு இரண்டு மணி நேரம் சிறு தீயில் கிடக்க சுமார் 1.2 யூனிட், ஆக மொத்தம் 1.6 ஆகும். பையோடு சமைத்தால் கொதி வரவும் அதற்குப் பின் அரை மணி நேரம் கொதிக்கவும் 0.7 போதும். மிச்சம் 0.9 யூனிட். ஒரு யூனிட் 3 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் ஒரு சமையலுக்கு 2.70 ராண்ட். வாரம் நான்கு முறை பயன்படுத்தினால் மாதத்துக்கு 45 ராண்ட் சுற்றி வரும். பையின் விலை 400 ராண்ட் என்றால் போட்ட காசு திரும்ப ஒன்பது மாதம் பிடிக்கும். உங்கள் டோக்கன் சீட்டில் கொடுத்த பணத்தை வந்த யூனிட்டால் வகுத்து, உங்கள் விலையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். கேஸில் சமைப்பவர்களுக்கும் வழி இதுதான். 9 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று சுவரில் தேதி எழுதிவைத்தால் ஒரே மாற்றலில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பெரிய லாபம் டின்னில் இருக்கிறது. வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் பீன்ஸ் வேகவைக்க யாருக்கும் நேரம் இல்லை, அதனால்தான் 410 கிராம் டின்னைத் திறக்கிறோம். அந்த டின்னில் தண்ணீரை வடித்தால் பீன்ஸ் 240 கிராம் அளவுக்குத்தான் தேறும். அரை கிலோ உலர் பீன்ஸ் வெந்தால் ஏறக்குறைய 1.2 கிலோ ஆகிறது, அதாவது ஐந்து டின் அளவு. வரியும் இருக்கிறது. உலர் பீன்ஸ், பருப்பு, அரிசி, முட்டை, பிரவுன் பிரெட், சமையல் எண்ணெய், டின் பில்ச்சர்ட் மீன் ஆகியவற்றுக்கு இங்கே வாட் வரி பூஜ்யம். பதப்படுத்தி டின்னில் அடைத்த பீன்ஸுக்கு 15 சதவீதம். ஐந்து டின்னின் விலையையும் அரை கிலோ பாக்கெட்டின் விலையையும் கடையிலேயே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் கொதிக்கவிட்டுப் பையில் வைத்தால் மதியத்துக்குள் வெந்துவிடும் என்ற ஒரே வசதிக்காக ஒரு வீடு டின்னை விட்டு உலர் பயறுக்குத் திரும்புமானால், பை சில வாரங்களில் தன் விலையைச் சம்பாதித்துவிடும். புரட்டாசியில் மாதம் முழுக்கச் சைவமாக இருக்கும் வீடுகளில் இன்னும் வேகமாக.

சுகர் பீன்ஸுக்கு முறை இது. அரை கிலோவைப் பொறுக்கிக் கழுவி, 2 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஒன்றரை லிட்டர் ஊற்றி, தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். இந்த 30 நிமிடத்தைக் குறைக்கவே கூடாது. சுகர் பீன்ஸ், காட்ரா, சிவப்புக் கிட்னி பீன்ஸ் மூன்றும் ஒரே இனம். இவற்றில் லெக்டின் என்ற நச்சு இருக்கிறது. முழுக் கொதியில்தான் அது அழியும். 80 டிகிரிக்குக் கீழே மெதுவாக வெந்தால் நச்சு அழியாது, கூடவும் செய்யலாம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கொதி வந்ததும் உடனே பையில் வைத்துவிடுவது ஆபத்து என்பதை இந்தப் பையை விற்பவர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

கொதித்தபின் மூடியைத் திறக்காமல் பையில் வைத்து நான்கு மணி நேரம் விடுங்கள். தக்காளி, புளி, வினிகர் எதையும் இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் பீன்ஸின் தோல் இறுகிவிடும், எத்தனை மணி நேரம் வைத்தாலும் மசியாது. வெந்த பிறகு எண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, மசாலாவும் தக்காளியும் வதக்கி, உருளைக்கிழங்கோடு பீன்ஸைக் கொட்டிக் கிழங்கு வேகும்வரை அடுப்பில் கொதிக்கவிட்டால் ரொட்டிக்கும் சோற்றுக்கும் ஏற்ற கறி தயார்.

துவரம்பருப்புக்கு ஒரு மணி நேரம் ஊறல், 10 நிமிடக் கொதி, பையில் இரண்டு மணி நேரம். ஆட்டுக்கறி என்றால் மசாலாவில் வதக்கி, தண்ணீர் ஊற்றி, மூடியோடு 20 நிமிடம் கொதிக்கவிட்டுப் பையில் நான்கு மணி நேரம், பரிமாறும் முன் மறுபடி ஒரு கொதி. சாம்ப் (உடைத்த உலர் மக்காச்சோளம்) பிடிவாதமானது. இரவு ஊறல், 45 நிமிடக் கொதி, பையில் நான்கு மணி நேரம், திரும்ப 10 நிமிடக் கொதி, திரும்பப் பை என்று இரண்டு சுற்று கொடுத்தால்தான் பதமாகும். எந்தச் சமையலானாலும் வழக்கத்தைவிடக் கால் பங்கு தண்ணீரைக் குறையுங்கள். பைக்குள் ஆவி போக வழியில்லை, குழம்பு சுண்டாது.

பை ஏமாற்றுகிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அரைப் பானையைத்தான் உள்ளே வைத்திருப்பார்கள். சூட்டைத் தாங்கி நிற்பது பானையில் உள்ள நீரும் பண்டமும்தான். மேலே காலியாக இருக்கும் காற்று எதையும் தாங்காது. பானை முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு கப் பருப்பு வேகவைக்கப் பெரிய பை எதற்கும் உதவாது. நீளக் கைப்பிடி உள்ள பாத்திரமும் வேண்டாம். கைப்பிடி துருத்தும் இடத்தில் இடைவெளி விழுந்து சூடு வெளியேறும். இரண்டு பக்கமும் குட்டைக் காது உள்ள, மூடி இறுக்கமாக உட்காரும் பானையே சரி. மூன்று கால் பொட்ஜி பானை பைக்குள் சரியாக உட்காராது.

பிளேட்டிலிருந்து எடுத்த பானையின் அடிப்பாகம் 100 டிகிரிக்கும் மேல் சூடாக இருக்கும். நேராக வைத்தால் உள்ளே இருக்கும் நுரை உருகிக் கட்டியாகும், அந்த இடத்தில் பை செத்துவிடும். நான்காக மடித்த பருத்தித் துணியையோ கார்க் தட்டையோ அடியில் போடுங்கள். குழம்பு வழிந்தாலும் அந்தத் துணியைத் துவைத்தால் போதும். அணைத்த பிளேட்டின் மேல் பையை வைக்கவே வைக்காதீர்கள், மின் அடுப்பின் பிளேட் வெகுநேரம் சூடாகவே இருக்கும்.

பை நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க, 4 லிட்டர் கொதிநீரை மூடிய பானையில் பைக்குள் வைத்து, நான்கு மணி நேரம் கழித்துச் சமையலறை வெப்பமானியால் அளந்து பாருங்கள். 70 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்ல பை. 60-க்குக் கீழே போயிருந்தால் துகள் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிசைந்து பரப்பிவிட்டு மறுபடி அளக்கலாம். 60 டிகிரிக்குக் கீழே இருக்கும் உணவில் கிருமி பெருகும். காலையில் வைத்ததை இரவுவரை உள்ளேயே விட்டு, வெதுவெதுப்பான கறியை எடுத்துச் சாப்பிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பீன்ஸ் கல்லாகவே இருந்தால் குற்றம் பையில் இல்லை, சரக்கில். டர்பனின் சூடும் ஈரக்காற்றும் சேர்ந்து பழைய பயறை இறுக்கிவிடும். 10 கிலோ மூட்டை மலிவு என்று வாங்கி ஆறு மாதம் அடுக்களையில் வைத்தால் மிச்சப்பட்ட காசு எரிபொருளில் போய்விடும். சிறு பாக்கெட்டாக, விற்றுத் தீரும் கடையில் வாங்குங்கள். பழைய சரக்கு ஏற்கெனவே கையில் இருந்தால் ஊறவைக்கும் தண்ணீரில் அரை கிலோவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா. ஜோஹன்னஸ்பர்க் உறவினர்களுக்கு இந்த முறையைச் சொல்லும்போது கொதிக்கும் நேரத்தைக் கூட்டிச் சொல்லுங்கள். அந்த ஊர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

பிரஷர் குக்கர் ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில் பருப்புக்காக மட்டும் இந்தப் பை வாங்குவது வீண் செலவு. ஊறிய துவரம்பருப்பைக் குக்கர் கால் மணி நேரத்தில் முடித்துவிடும். பைக்கு வேலை வருவது மூன்று, நான்கு லிட்டர் பீன்ஸ், சாம்ப், ஆட்டுக்கறி என்று பெரிய அளவில் சமைத்து இரண்டு நாளுக்குப் பிரித்து வைக்கும் குடும்பத்தில். கோவில் பூஜைக்கு வடிக்கும் அண்டாவுக்கு எந்தப் பையும் பொருந்தாது.

400 ராண்டை இப்போது எடுக்க முடியாதென்றால் வீட்டிலேயே செய்யலாம். மூடி உள்ள தெர்மகோல் ஐஸ்பெட்டி ஒன்று, பழைய கம்பளி இரண்டு. பெட்டியின் அடியில் மடித்த துணி, பானையைச் சுற்றி எந்தப் பக்கமும் நான்கு விரல் அகலத்துக்குக் குறையாமல் கம்பளி, மேலே பழைய தலையணை, மூடி. பானை எந்த இடத்திலும் தெர்மகோலைத் தொடக்கூடாது. மேலே சொன்ன கொதிநீர்ச் சோதனையில் இது கடைப் பைக்குப் பெரிதாகப் பின்தங்காது. பெட்டியும் கம்பளியும் கையில் இருப்பவர்கள் இரண்டு மாதம் இதில் சமைத்துப் பாருங்கள். டின் வாங்குவது நின்றுவிட்டால் பிறகு பை வாங்கலாம். நிற்கவில்லை என்றால் பை வாங்கினாலும் அலமாரியில்தான் கிடக்கும்.

மின் கட்டணம் குறைய வேண்டும் என்பதே குறி என்றால் பைக்கு முன்னால் கீசரைப் பாருங்கள். 150 லிட்டர் கீசர் ஒருமுறை 20 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற 7 யூனிட் தின்னும். பையில் ஏழு முறை சமைத்தாலும் அவ்வளவு மிச்சமாகாது. கீசரைக் குளிக்கும் நேரத்துக்கு முன் மட்டும் போட்டுக் குளித்தபின் அணைக்க ஒரு டைமரும், வெளிச்சுற்றுக்கு ஒரு போர்வையும் முதலில். பை அதற்கு அடுத்தது.