வரைந்த பிறகு பேசவைக்கும் ஒரு வகுப்பு

9 வயதாகும் என் மகள், மனத்தில் எந்த வருத்தம் எழுந்தாலும் அதற்குக் கோபம் என்ற ஒரே பெயரைத்தான் சொல்லிவந்தாள். தோழி வேறொருத்தியோடு விளையாடப் போனாலும் கோபம், மறுநாள் தேர்வு என்றாலும் கோபம். ஓவியம், களிமண், நாடகம், தாளம் ஆகியவற்றின் வழியே பள்ளிப் பிள்ளைகளின் உணர்வுசார் நுண்ணறிவை, அதாவது உணர்வுகளைப் புரிந்துகொண்டு கையாளும் திறனை, வளர்ப்பதாகக் கூறும் 12 வாரப் பயிற்சியொன்றில் அவளைச் சேர்த்ததற்கு அதுவே காரணம். வாரம் ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம். 14 பிள்ளைகளுக்கு இரண்டு பயிற்றுநர்கள். பெற்றோர் மூன்று வகுப்புகளை உள்ளே அமர்ந்து பார்க்கலாம்.

என்னை முதலில் கவர்ந்தது பயிற்றுநர்கள் கேள்வி கேட்கும் விதம். "அழகாக இருக்கிறது" என்றோ "இது என்ன?" என்றோ அவர்கள் சொல்வதேயில்லை. "இந்தக் கறுப்புக் கோடு எங்கே போய்க்கொண்டிருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை பதில் தேடும் வரை பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். நாடக வகுப்பில், நண்பனின் புத்தகத்தைக் கிழித்துவிட்ட ஒரு சிறுவனின் கதையை நடித்துக்கொண்டிருந்தபோது, பாதியில் அனைவரையும் சிலைபோல் நிற்கச் சொல்லி, "இப்போது உன் கைகள் என்ன செய்கின்றன?" என்று பயிற்றுநர் கேட்டார். கிழித்தவனாக நடித்த பிள்ளை, கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தான். குற்றவுணர்வு என்ற சொல் அதன் பிறகே அந்த அறைக்குள் வந்தது. இருவரும் வேடம் மாற்றிக்கொண்டு அதே காட்சியை மீண்டும் நடித்தபோது, மற்றவர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

உளவியலாளர்கள் பீட்டர் சாலொவியும் ஜான் மேயரும் 1990ஆம் ஆண்டில் உணர்வுசார் நுண்ணறிவை வரையறுத்தபோது, தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனிப்பதோடு நில்லாமல், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதையும் அதன் பகுதியாகச் சேர்த்தார்கள். இந்த வகுப்பின் வலிமை அந்தப் பிரித்தறிதலில்தான் இருக்கிறது. ஏழாம் வாரம் முடிந்த ஒரு மாலையில், "கோவம் இல்லம்மா, என்னை விட்டுட்டாங்களேன்னு ஏக்கமா இருக்கு" என்று என் மகள் சொன்னாள். கோபம் என்றால் அவளைத் தனியே விட்டிருப்பேன். ஏக்கம் என்றதால் அருகில் அமர்ந்தேன்.

தாள வகுப்புகள் அவ்வளவு ஆழமாக இல்லை. கொட்டி மகிழ்ந்ததோடு அவை முடிந்துவிட்டன. நாடகத்துக்கு இன்னும் கூடுதல் வாரங்களை ஒதுக்கலாம். 6 வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் கொண்டு உளவியலாளர் கிளென் ஷெல்லன்பர்க் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், சமூக நடத்தையில் தெளிவான முன்னேற்றம் நாடகம் பயின்றவர்களிடமே காணப்பட்டது, இசை பயின்றவர்களிடம் இல்லை.

விளம்பரத் தாளில் ஒரு திருத்தம் அவசியம். 213 பள்ளித் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்த 2011ஆம் ஆண்டுக் கட்டுரையைக் காட்டி, கலைப் பயிற்சியால் படிப்பில் மதிப்பெண் உயரும் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுரை ஆராய்ந்தது, உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தரும் சமூக உணர்வுக் கற்றல் திட்டங்களைப் பொதுவாகத்தான்; கலைவழிப் பயிற்சியைத் தனியே அல்ல. மாறாக, இது மனநலச் சிகிச்சை அல்ல என்பதையும், பெருந்துயரில் இருக்கும் பிள்ளைக்கு உளவியல் ஆலோசகரே தேவை என்பதையும் முதல் சந்திப்பிலேயே நேர்மையாகச் சொன்னார்கள்.

என் பெரிய மனக்குறை கடைசி மூன்று வாரங்களைப் பற்றியது. நிறைவு நாள் கண்காட்சிக்காக அவை முழுவதும் ஒத்திகையிலேயே கழிந்தன. ஐந்தாம் வாரத்தில் என் மகள் வரைந்த படத்தில் கதவில்லாத ஒரு வீடு இருந்தது. விருந்தினர் பார்ப்பார்கள் என்று தெரிந்ததும், அதன்மேல் வேறு தாளை ஒட்டிப் பூக்களை வரைந்துவிட்டாள். ஒன்பது வாரங்களாகத் தீர்ப்பின்றித் திறந்திருந்த இடத்தில், பாராட்டுக்காக ஒளித்துக்கொள்ளும் பழக்கம் மீண்டும் புகுந்ததைப் பார்க்க எனக்கு வலித்தது. பயிற்றுநர்களிடம் இதைச் சொன்னேன். அக்கறையோடு கேட்டுக்கொண்டார்கள், ஆனால் பெற்றோர் பலர் கண்காட்சியை எதிர்பார்ப்பதாகக் கூறினார்கள்.

உள்ளே நடப்பதைப் பிள்ளையே சொல்லும் வரை துருவிக் கேட்காமல் இருக்கக்கூடிய பெற்றோருக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கண்காட்சி இல்லாத ஒரு பிரிவை அவர்கள் தொடங்கினால், என் மகனையும் அங்கேயே சேர்ப்பேன்.