ஃப்ளூக் ஐஐ900: லீக்கைக் காட்டும், மின் கட்டணத்தைக் குறைப்பது உங்கள் கையில்

கம்ப்ரஸர் தள்ளும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் லீக்கிலேயே போவது ஆலைகளில் சர்வசாதாரணம். காற்று கசியும் ஒலியைப் படமாக்கும் கையடக்கக் கேமராவான ஃப்ளூக் ஐஐ900 அதைக் கண்ணால் பார்க்க வைக்கிறது. 64 மைக்குகள் 2 முதல் 52 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கின்றன. ஒலி கிளம்பும் இடம் 7 அங்குலத் திரையில், கேமரா படத்தின் மேல் வண்ணத் திட்டாக விழுகிறது. ஆலை ஓடும்போதே தரையில் நின்று மேலே போகும் ஏர் லைனைச் சோதிக்கலாம். ஏணி வேண்டாம், சோப்பு நுரை வேண்டாம். இந்த வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

யாரும் எடுத்தவுடன் பயன்படுத்தலாம் என்பார்கள்; அது மட்டும் பாதி உண்மை. 30–40 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் தொடங்குங்கள். அதற்குக் கீழே மோட்டார் இரைச்சல் கலந்துவிடும். மேலே போனால் தூரத்துச் சின்ன லீக் மங்கிவிடும். தகரச் சுவரும் பேனல் கதவும் ஒலியைத் திருப்பி அனுப்பும். இரண்டடி நகர்ந்து பாருங்கள்: திட்டு அதே இடத்தில் நின்றால் லீக், இடம் மாறினால் எதிரொலி. வால்வு சைலன்சர் (வேலை முடிந்த காற்று வெளியேறும் வாய்) விடும் காற்றும் திரையில் லீக் போலத்தான் தெரியும். நியூமேடிக் சர்க்யூட் (காற்றழுத்த இணைப்பு வரைபடம்) படிக்கத் தெரிந்தவர்தான் அதைப் பிரித்துச் சொல்ல முடியும்.

கேமராவில் உள்ள லீக்-க்யூ வசதி கசிவின் அளவை மதிப்பிடுகிறது. எதை முதலில் அடைப்பது என்று முடிவெடுக்க அது போதும். அதையே ரூபாயாக்கி மேலாளரிடம் நீட்டாதீர்கள். உண்மைக் கணக்குக்கு உற்பத்தியை நிறுத்தி, கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டும். 2 நிமிடம் லோடு (காற்றைத் தள்ளும் நேரம்), 6 நிமிடம் அன்லோடு (காற்று தள்ளாமல் சும்மா சுற்றும் நேரம்) என்றால் எட்டில் இரண்டு, அதாவது 25 சதவீதம் கசிவு. தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கம்ப்ரஸரில் இந்த முறை செல்லாது. ரிசீவர் (காற்றுத் தொட்டி), பைப் கொள்ளளவை வைத்து அழுத்தம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

7 பாரில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட் தின்னும். வருடம் 8,000 மணி நேரம் ஓடினால் 24,000 யூனிட். பெரும்பாலும் குற்றவாளி டியூபைச் செருகினாலே பிடித்துக்கொள்ளும் புஷ்-இன் ஃபிட்டிங்தான். பி.யூ. (பாலியூரித்தேன்) டியூபைக் கத்தியால் சாய்வாக நறுக்கிச் செருகினால் உள்ளிருக்கும் சீல் பிடிக்காது. டியூப் கட்டரால் நேராக வெட்ட வேண்டும். அடுத்தது எஃப்.ஆர்.எல். (காற்றை வடிகட்டி, அழுத்தம் சீராக்கி, எண்ணெய் சேர்க்கும் அமைப்பு) கிண்ணம், சட்டென்று மாட்டிக் கழற்றும் குயிக் கப்ளர், திறந்தே சிக்கிக்கொண்ட ஆட்டோ டிரெய்ன் (தேங்கும் நீரைத் தானே வெளியேற்றும் வால்வு).

எல்லாம் அடைத்த பிறகும் மின் கட்டணம் இறங்கவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. தேவை குறைந்ததும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் அன்லோடில் சுற்றும்; அப்போதும் முழுச் சுமை மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் இழுக்கும். மூன்று கம்ப்ரஸர் ஓடும் இடத்தில் ஒன்றை நிறுத்தி, மற்றவற்றின் லோடு/அன்லோடு அழுத்தத்தை மாற்றியமைத்தால்தான் பணம் மிஞ்சும். இயந்திரங்கள் தாங்குமானால் லைன் அழுத்தத்தையும் குறையுங்கள். 1 பாருக்கு 6–7 சதவீதம் மின்சாரம் குறையும்.

30 எச்.பி. கம்ப்ரஸர் ஒன்றே உள்ள பட்டறைக்கு இது வீண் செலவு, சோப்பு நுரையே போதும். நடுத்தர ஆலைகள் வருடத்துக்கு இரண்டு முறை வாடகைக்கு எடுக்கலாம். நீளமான லைன்களும் பல கம்ப்ரஸர்களும் உள்ள டயர், ஜவுளி ஆலைகள் தாராளமாக வாங்கலாம், கண்ட லீக்கில் அடையாள அட்டை (லீக் டேக்) எழுதி மாட்டி அடைக்க ஓர் ஆளையும் சேர்த்து ஒதுக்கினால்.