கிலோமீட்டரை விட மணிக்கணக்கு: கனரக டீசல் இன்ஜினோடு பல வருஷ அனுபவம்

நெடுந்தூர லாரி ஒண்ணு, கிரேன் பொருத்தின சர்வீஸ் வண்டி ஒண்ணு. ரெண்டையும் வாங்கின நாள்லேர்ந்து நான்தான் பார்த்துக்கறேன். லாரி ஏழு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் இன்ஜின் ஹெட்டைத் திறக்க வேண்டி வரலை. சர்வீஸ் வண்டி அதுல கால்வாசிகூட ஓடலை, ஆனா முதல்ல இன்ஜின் வேலைக்கு இறங்கினது அதுதான்.

காரணம், இன்ஜின் ஓடின மணிக்கணக்கைக் காட்டற ஹவர் மீட்டர்ல இருக்கு. சர்வீஸ் வண்டி போய்ச் சேர்ற நேரத்தை விட, நின்ன இடத்துல பிடிஓ (இன்ஜின் சக்தியை கிரேனுக்குக் கொடுக்கற இணைப்பு) போட்டு வேலை செய்யற நேரமும், வண்டி நகராம இன்ஜின் மட்டும் சும்மா ஓடற ஐடிலிங்ல நிக்கற நேரமும்தான் அதிகம். லோடு இல்லாம ஐடிலிங்ல விட்டா சிலிண்டர் போதுமான சூடு ஏறாது. டீசல் முழுசா எரியாம பிஸ்டன் ரிங் பள்ளத்துல கரியாப் படியும், மிச்சம் சுவர் வழியா இறங்கி ஆயிலோட கலக்கும். ஆயில் நீர்த்துப் போனா பேரிங்குக்கு ஆபத்து. லோடோட ஒரே வேகத்துல போற லாரிக்கு இந்தத் தொல்லை கிடையாது. கனரக டீசலைச் சும்மா ஐடிலிங்ல நிறுத்தி வைக்கறதுதான் அதுக்குக் கஷ்டம், இழுக்க விடறது இல்லை.

பெரிய இன்ஜின்களுக்கு பி10, பி50னு ஆயுள் கணக்கு சொல்வாங்க. பி10ன்னா அந்தத் தூரத்துக்குள்ள பத்து சதவீத இன்ஜின்கள், பி50ன்னா பாதி இன்ஜின்கள் ஓவர்ஹாலுக்கு (கழட்டிப் புதுப்பிக்கற வேலைக்கு) வந்துடும். 15 லிட்டர் லாரி இன்ஜின்களுக்கு 10 லட்சம் மைல், அதாவது சுமார் 16 லட்சம் கிலோமீட்டர்னு சொல்றதைப் பார்க்கலாம். அது ஹைவேயில ஓடற வண்டிக்கான கணக்கு. நின்னபடி உழைக்கற வண்டிக்கு அதை வெச்சுக் கனவு காணக்கூடாது.

எல்லாரும் ஆயிலைப் பத்தியே பேசறாங்க, இன்ஜினைக் குளிர வைக்கற கூலன்டை யாரும் கண்டுக்கறதில்லை. எனக்கு ரொம்ப ஆதங்கம் இதுலதான். சர்வீஸ் வண்டியில கழட்டின லைனரை (பிஸ்டன் உள்ளே ஓடற உறை) கையில வாங்கி வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். உள்பக்கம் பளபளன்னு, புதுசுல தீட்டின ஹோனிங் கோடுகூட அழியாம இருந்தது. வெளியில ஒரு பக்கம் மட்டும், மேலேர்ந்து கீழே வரிசையா, ஊசியால குத்தின மாதிரி குழிகள். நகத்தை வெச்சா மாட்டுது. லைனரோட வெளிப்பக்கத்துல கூலன்ட் நேராப் படற வெட் லைனர் இன்ஜின்ல ஒவ்வொரு எரிப்புக்கும் பிஸ்டன் சுவர்ல மோதி லைனர் அதிருது. அந்த அதிர்வுல கூலன்ட்ல குமிழ் உண்டாகி, லைனர் மேலயே உடையுது. ஒவ்வொரு உடைப்பும் இரும்பைத் துளித்துளியாப் பறிக்குது. கூலன்ட்ல சேர்க்கற நைட்ரைட் மாதிரியான மருந்து லைனர் மேல ஒரு காப்புப் படலம் போடும், அடி விழறது அந்தப் படலத்து மேல. மருந்து தீர்ந்த கூலன்டும், ரேடியேட்டர்ல ஊத்தற வெறும் தண்ணியும் இந்தக் காப்பைத் தராது. குழி துளையாகிட்டா தண்ணி ஆயில்ல இறங்கிடும், அப்புறம் பேரிங்கும் போகும். மருந்து இருக்கான்னு டெஸ்ட் ஸ்ட்ரிப்பைக் கூலன்ட்ல நனைச்சு நிறம் பார்க்க ஒரு நிமிஷம் போதும். இப்ப ஒவ்வொரு சர்வீசுக்கும் பார்க்கறேன்.

ஆயிலை லேபுக்கு அனுப்பறதும் வழக்கமாயிடுச்சு. சிலிக்கான் ஏறினா ஏர் ஃபில்டர் பக்கம் தூசி புகுதுன்னு அர்த்தம். சோடியம், பொட்டாசியம் ஏறினா கூலன்ட் கசிவைச் சந்தேகப்படணும். ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காம, முந்தின ரிப்போர்ட்டோட ஒப்பிட்டுப் பார்க்கணும்.

டர்போவுக்குப் பெரிசா எதுவும் செய்யறதில்லை. ஏத்தம் ஏறி வந்ததும் உடனே ஆஃப் பண்ணாம, மூணு நிமிஷம் ஐடிலிங்ல ஆற விடறேன்.

பழைய பம்ப்-நாசில் (பம்பும் இன்ஜெக்டரும் ஒண்ணா இருக்கற) இன்ஜின்தான் உழைக்கும், புதுசெல்லாம் வீண்னு சொல்றதை நான் ஏத்துக்கலை. புது இன்ஜின்லயும் பிளாக், கிராங்க் எல்லாம் திடமாத்தான் இருக்கு. தொல்லை கொடுக்கறது அதைச் சுத்தியிருக்கற ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திருப்பி விடற புகையை ஆற வைக்கறது), டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி), சென்சர்கள்தான். இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோட கொடுக்கற பொதுக் குழாயான காமன் ரெயில்ல 2,000 பார் அழுத்தம் வரைக்கும், அதுக்கு மேலயும் போகுது. டீசல்ல கொஞ்சம் தண்ணி கலந்தாலே இன்ஜெக்டர் போயிடும். டீசல்லேர்ந்து தண்ணியைப் பிரிக்கற வாட்டர் செபரேட்டரைத் தவறாம வடிக்கணும்.

பழைய வண்டி வாங்கப் போறவங்க, இன்ஜின் சூடானதும் ஓடவிட்டு, ஆயில் ஊத்தற மூடியைத் திருப்பி அந்த வாய் மேல சும்மா வெச்சுப் பாருங்க. மூடி துள்ளி விழுந்து, புகை விட்டுவிட்டு அடிச்சா ரிங் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ஈசிஎம்ல (இன்ஜின் கம்ப்யூட்டர்) மொத்த மணி, ஐடில் மணி, எரிச்ச டீசல் மூணையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. மொத்த மணியில பாதி ஐடில்னா, ஓடோமீட்டர் எவ்வளவு குறைவாக் காட்டினாலும் ஓவர்ஹால் செலவையும் சேர்த்தே விலை பேசுங்க.